பண்டமும் பெயரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலங்கள் 50. அவற்றுட் பலவற்றை நாம் அறிந்திருப்பது அவற்றின் மலைகளாலும் ஆறுகளாலுமன்று. அங்கிருந்து புறப்பட்ட பண்டங்களாலேயாம். மிச்சிகன் என்றதும் போர்ட் மோட்டார் வண்டி நினைவுக்கு வருகின்றது. யோர்ச்சியா மாநிலத்து அற்லாண்டா நகரிலே 1886 இல் ஒரு மருந்துக் கலவையாளர் ஆக்கிய பானமே கொக்கோகோலா. ஒகாயோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரில் 1837 இல் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்யத் தொடங்கிய இருவரின் பெயர்களையே புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் இன்றும் தாங்கி நிற்கின்றது. கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர் இப்பெயர்களை நாடோறும் காண்கின்றனர்.

இவையெல்லாம் விளம்பரத்தின் வலிமை என்று தள்ளிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒருவன் தான் செய்த பொருளிலே தன் பெயரைப் பொறிக்கும்போது, அதன் நன்மை தீமைக்குத் தானே பொறுப்பென்று உலகறியச் சொல்கின்றான். இது தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களுக்குச் சோழனது புலி இலச்சினை இடப்பட்டமையைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். வாணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்தமையும் சிந்திக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்திலே இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். 1849 இல் தமிழகம் சென்று அச்சியந்திரம் பெற்றுவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். ஏடுகளை ஒப்புநோக்கித் தாமே பரிசோதித்து நூல்களை வெளியிட்டார். அதனால் ‘நாவலர் பதிப்பு’ என்பது பிழையற்ற பதிப்பு என்பதற்கு மறுபெயராயிற்று. திறந்து பாராமலே நூலை வாங்கிச் செல்லும் நம்பிக்கையை அப்பெயர் ஈட்டியது. வணிகப்பெயர் என்று இக்காலத்தார் கூறுவதன் உட்பொருள் இதுவேயன்றோ?

அவ்வழியிற் பின்னரும் சில பெயர்கள் எழுந்தன. மில்க் வைற் சவர்க்காரம் யாழ்ப்பாணத்து வீடுகளிலெல்லாம் அறியப்பட்டது. அதன் அதிபர் கனகராசா அவர்கள் வாணிகத்தோடு பனை நடுகையையும் திருக்குறளையும் பரப்பினார். இணுவிலின் பெயரை அண்ணா கோப்பி நெடுந்தூரம் கொண்டு சென்றது. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நாடெங்கும் கட்டடங்களை எழுப்ப உதவி, 1990 இல் போரினால் நின்றுபோயிற்று. எனினும் எமது உழைப்பின் பெரும்பகுதி இன்னும் பெயரின்றியே ஊரைவிட்டுப் போகின்றது.

குருநகரை எடுத்துக்கொள்வோம். கரையூர் என்னும் பழம்பெயருடைய இவ்வூர், யாழ்நகரின் தென்கரையிலே கடல்நீரேரியை அடுத்து அமைந்தது. கடற்றொழிலிற் கைதேர்ந்த மக்கள் வாழுமிடம். நோர்வே நாட்டு உதவியுடன் தோன்றிய சீநோர் நிறுவனத்தின் முயற்சியால் காரைநகரிற் படகுத்தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அமைந்தன. இத்துணை வாய்ப்பிருந்தும், குருநகர் என்னும் பெயரைத் தாங்கிய மீனுணவுப் பொதியொன்றைப் பிறநாட்டு அங்காடியில் யார் கண்டார்?

மசாசுசெற்ஸ் மாநிலத்தில் குளொஸ்ரர் என்றொரு மீன்பிடி நகர் உளது. அதுவும் சிறிய ஊரே. நாவலர் அச்சியந்திரம் கொணரச் சென்ற அதே 1849 ஆம் ஆண்டையே தன் தொடக்க ஆண்டாகக் கூறும் கோர்ட்டன் மீன் நிறுவனம் அவ்வூருக்குரியது. மழையங்கி அணிந்து சுக்கான் பிடித்து நிற்கும் மீனவன் அந்நிறுவனத்தின் இலச்சினை. மீனை விரைவாக உறையவைத்துக் காக்கும் முறையைக் கிளறன்ஸ் பேட்சை என்பவர் 1920களில் வளர்த்ததும் அங்கேயே. கடலில் உழைப்பவனின் உருவமே அங்கு பண்டத்தின் மேல் நிற்கின்றது.

அந்தக் குளொஸ்ரருக்கு யாழ்ப்பாணத்துக் கைவண்ணம் ஒருமுறை சென்றதுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அத்துறைமுகத்தை அடைந்தனர். ஆனால் அன்னபூரணி அங்கு சேர்ந்தது ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்னும் பெயருடன். வாங்கியவர் தமது கப்பலுக்குத் தாம் விரும்பிய பெயரை இட்டதிற் குற்றமில்லை. இன்றும் அவ்வாறே நிகழ்கின்றது என்பதே எமது கவலை. வடகடலிற் பிடிபடும் நீலக்கால் நண்டின் சதை பதனிடப்பட்டுப் பிறநாடுகளுக்குச் செல்கின்றது. பிடித்தவன் நிறுத்து விற்ற அளவிலே பண்டத்துக்கும் அவனுக்குமுள்ள உறவு அறுந்துவிடுகின்றது. பெயரிடுபவன் கைக்கே பெரும்பயன் போகின்றது.

போர் எம்மைப் பின்தள்ளியது என்பர். அது முற்றிலும் உண்மை. முதலில்லை என்பர். சிவகாசியில் அக்காலத்து மழையுமில்லை, பெருமுதலுமில்லை. அவ்வூரவராகிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இற் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். வறண்ட அவ்வூரின் பெயரை இன்று இந்தியாவெங்கும் அறிவர். எம்மைத் தடுப்பதில் முதலினும் வலியது எமது மனப்பாங்கு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழியை நாம் நகைச்சுவையாகச் சொல்கின்றோம். பிள்ளைகளை வளர்க்கும்போது அதனையே வேதமாகக் கொள்கின்றோம். எமது கல்லூரிகள் மருத்துவரையும் பொறியியலாளரையும் எழுதுவினைஞரையும் ஈன்றன. அது பெருமையே. பண்டம் ஆக்குவோரையும் ஈன்றிருப்பின் அப்பெருமை நிறைவெய்தியிருக்கும்.

ஆதலின் இவ்விழா மலர் வாயிலாகச் சிலவற்றை வேண்டுகின்றோம். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர், கட்டடத்துக்கு நன்கொடை அளிப்பதோடு, ஊரிற் சிறுதொழில் தொடங்கும் இளைஞனுக்குப் பங்காளியாகவும் நிற்றல் வேண்டும். குருநகர்க் கடற்றொழிலாளர் தம் மீனையும் இறாலையும் நண்டையும் தாமே பதனிட்டு, தம் ஊர்ப்பெயருடன் பொதிசெய்து அனுப்ப முன்வருவாராயின், அப்பொதியைத் தம் நகரத்து அங்காடியில் ஏற்றுவிக்கும் ஆற்றல் இவர்களுக்குண்டு. ஆசிரியர்கள் இரசாயனத்தையும் கணக்கியலையும் பரீட்சைக்கு அப்பால், உணவு பழுதுறாமற் காக்கும் அறிவாகவும் வரவுசெலவை மறையாத ஒழுக்கமாகவும் புகட்டுதல் வேண்டும். மாணவர், கடலோரத்துத் தொழிலைக் கல்லாதவன் தொழிலென்று எண்ணும் பழக்கத்தை விடுதல் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போமாக. ஊர்ப்பற்றினால் ஒருவர் ஒருமுறை வாங்குவார். தரம் கண்டே மறுமுறை வாங்குவார். நிறை குறைந்த ஒரு பொதி, பல்லாண்டு ஈட்டிய பெயரை ஒரு நாளில் அழித்துவிடும். நாவலர் அவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தே அச்சேற்றினார். அந்தக் கண் எமக்கு வாய்க்குமாயின், குருநகரின் பெயரும் ஒருநாள் திறந்து பாராமலே வாங்கத்தக்க பெயராகும்.