காசு கணக்கு: ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்க 4 லட்சம் கடன்... வாங்கலாமா, வேண்டாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, எல்லோர் போனிலும் கல்லூரி விளம்பரங்கள் வரிசைகட்டும். அதில் சில வருடங்களாக அடிக்கடி கண்ணில்படுவது, பி.பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷன். நீட் தேவையில்லை, மூன்றே வருடம், ஏ.சி. அறையில் வேலை, ஆஸ்பத்திரிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன என்று அடுக்குவார்கள். பொய் இல்லை. ஆனால், படித்து முடித்ததும் கைக்கு எவ்வளவு வரும், கடனுக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு மட்டும் அந்த விளம்பரத்தில் இருக்காது. இந்த வாரம் அதைத்தான் போட்டுப் பார்க்கப்போகிறோம்.

என் சித்தி மகள் இந்தப் படிப்பில்தான் சேர ஆசைப்பட்டாள். அருப்புக்கோட்டைப் பக்கம் வீடு. சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு 4 லட்சம் ரூபாய் கடன் தேவைப்பட்டது. “அக்கா, வேலைக்குப் போனதும் நானே கட்டிருவேன்ல?” என்று அவள் கேட்டாள். சித்தப்பா கேட்டது வேறு: “படிக்கப் போறது அவ. கடன் பேப்பர்ல என் கையெழுத்து எதுக்கும்மா?”

இரண்டுமே சரியான கேள்விகள்.

அப்பாவின் கையெழுத்து எதற்கு?

கல்விக் கடனில் மாணவர் மட்டும் கடன்தாரர் அல்ல. பெற்றோரும் இணைக் கடன்தாரர். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்காகப் பணம் போடத் தேவையில்லை. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்பதில்லை. அடமானம் இல்லாததால், ‘போனால் போகட்டும்’ என்று நினைத்துவிடக் கூடாது. தவணை தவறினால் மகளின் சிபில் ஸ்கோரோடு அப்பாவின் ஸ்கோரும் இறங்கும். நாளைக்குத் தறி வாங்கவோ, வீட்டை எடுத்துக் கட்டவோ சித்தப்பா கடன் கேட்டுப்போனால், அது எதிரில் வந்து நிற்கும்.

4 லட்சம் எப்படி 8 லட்சம் ஆகிறது?

வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் கூடும், குறையும். படிப்புக் காலமும், அதன்பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால், வட்டி மீட்டர் முதல் நாளிலிருந்தே ஓடும். வருடத்துக்கு 1.33 லட்சம் வீதம் வங்கி பணம் கொடுத்தால், அந்த நான்கு வருடத்தில் தனிவட்டியாகச் சேர்வது 1,20,000 ரூபாய். அது அசலோடு ஏறி, தவணை தொடங்கும்போது கடன் 5,20,000 ரூபாயாக நிற்கும்.

* 7 வருடத்தில் கட்டினால்: மாதம் சுமார் 8,630 ரூபாய். மொத்தம் 7.25 லட்சம்.
* 10 வருடத்தில் கட்டினால்: மாதம் சுமார் 6,870 ரூபாய். மொத்தம் 8.25 லட்சம்.
* 15 வருடத்தில் கட்டினால்: மாதம் சுமார் 5,590 ரூபாய். மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி: இதே வட்டியில், வாங்கும் ஒவ்வொரு 1 லட்சத்துக்கும், பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 1,720 ரூபாய் இ.எம்.ஐ.

‘பேக்கேஜ்’ வேறு, கைக்கு வருவது வேறு!

முதல் வேலைக்கு, ‘வருடத்துக்கு 2.12 லட்சம் பேக்கேஜ்’ என்று ஒரு ஆஃபர் வருகிறது என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 17,720 ரூபாய். இதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,200 ரூபாயும், இ.எஸ்.ஐ. 520 ரூபாயும் அடக்கம். மீதி 16,000 ரூபாயில் உங்கள் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 120 பிடித்ததுபோக, கைக்கு வருவது 14,680 ரூபாய்.

இதில் 6,870 ரூபாய் இ.எம்.ஐ. போனால் மிச்சம் 7,810. சென்னையிலோ கோவையிலோ லேடீஸ் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் இதற்குள் முடிக்க வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்புவது அப்புறம். வீட்டிலிருந்து பணம் வாங்காமல் இருந்தாலே பெரிய விஷயம்.

கைக்கு வருவதில் கால் பங்குக்கு மேல் இ.எம்.ஐ. போகக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால், இந்தச் சம்பளத்துக்கு மாதம் 3,670 ரூபாய்தான் தாங்கும். அதற்குப் பொருந்தும் கடன், சுமார் 2.13 லட்சம். ஆக, ‘படிக்கலாமா, வேண்டாமா’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ‘எவ்வளவு கடனில் படிக்கலாம்’ என்று கேட்பதுதான் பயன் தரும்.

இந்தப் படிப்புக்கு வேலி இல்லை

நர்ஸாக வேலை பார்க்க நர்ஸிங் கவுன்சில் பதிவு வேண்டும். மருந்தாளுநருக்கும் அப்படித்தான். வேறு படிப்பு படித்தவர் அந்த இடத்தில் உட்கார முடியாது. ஹாஸ்பிடல் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. ஃப்ரன்ட் ஆபீஸ், பில்லிங், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், இன்ஷூரன்ஸ் டெஸ்க் என எல்லா இடத்துக்கும் பி.காம். படித்தவரும் வரலாம், நர்ஸிங் முடித்தவரும் வரலாம்.

இதைச் சோதித்துப் பார்க்கத் தங்கையையும் அழைத்துக்கொண்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பி.காம்., ஒருவர் நர்ஸிங், ஒருவர்தான் தங்கை கேட்கும் படிப்பு. மூவருக்கும் ஒரே வேலை. “காலேஜ்ல படிச்சதைவிட, டி.பி.ஏ.-வுக்கு எந்தப் பேப்பரை எப்ப அனுப்பணும்னு இங்க கத்துக்கிட்டதுதான்மா சோறு போடுது” என்றார் அந்த மூன்றாமவர்.

அதற்காக இந்தப் படிப்புக்கு எதிர்காலம் இல்லை என்று அர்த்தமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஆயுஷ்மான் பாரத், தனியார் பாலிசிகள் என்று ஆஸ்பத்திரிக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி இப்போது கிளெய்ம் வழியாக வருகிறது. ஒரு பேப்பர் தவறினால் கிளெய்ம் நிற்கும். நோயாளியின் டிஸ்சார்ஜும் நிற்கும். என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று வாங்க, அதைத் தக்கவைக்க, ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்கும் ஆட்கள் தேவை. இந்த இடங்களில் கைதேர்ந்தவர்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால், மேலாளர் நாற்காலிக்குப் போகும்போது பெரும்பாலும் எம்.பி.ஏ. அல்லது எம்.ஹெச்.ஏ. கேட்பார்கள். அதாவது, இன்னொரு படிப்புச் செலவு காத்திருக்கிறது. இளநிலைப் படிப்பிலேயே கடன் வாங்கும் சக்தியைத் தீர்த்துவிட்டால், அப்போது திணற வேண்டியிருக்கும்.

கடனைக் குறைக்க என்னென்ன வழி?

* படிக்கும்போதே வட்டியைக் கட்டுங்கள். நமது 4 லட்சம் உதாரணத்தில் முதல் வருட வட்டி மாதம் சுமார் 1,110 ரூபாய்தான். நான்கு வருடமும் வட்டியைக் கட்டிவிட்டால், பத்து வருட இ.எம்.ஐ. 6,870-லிருந்து 5,290 ரூபாயாகக் குறையும். கட்டிய வட்டியைக் கழித்த பிறகும் சுமார் 70,000 ரூபாய் மிச்சம்.

* அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. முதல் வருட வட்டிக்கு அதுவே கிட்டத்தட்டப் போதும்.

* குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழில்முறைப் படிப்புகளுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது. ‘இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்புக்கு உண்டா?’ என்று வங்கியிலேயே கேளுங்கள். கல்லூரி ஆள் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

* ‘வட்டிக்கு 80இ வரிச்சலுகை இருக்கு’ என்பார்கள். பழைய வரிமுறையில்தான் அது உண்டு. தவிர, 16,000 ரூபாய் சம்பளத்துக்கு வரியே வராதபோது சலுகை எதற்கு?

கல்லூரியில் கேட்க வேண்டியவை

1. போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள்? ‘அதிகபட்ச பேக்கேஜ்’ வேண்டாம். நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன?

2. எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம் இன்டர்ன்ஷிப்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

3. பி.பி.ஏ. என்றால், 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ.-யின் கீழ் வந்திருக்கிறது. கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா?

4. முடித்துப் போன இரண்டு மாணவர்களிடம் பேச முடியுமா? தயங்கினால், அதுவே பதில்.

தங்கை விஷயத்தில், சித்தப்பா ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கோவையை விட்டுவிட்டு, தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் மதுரையில் அதே படிப்பு. ஹாஸ்டல் செலவு இல்லை. கடன் 2 லட்சத்துக்குள் முடிந்தது. பத்து வருடக் கணக்கில் இ.எம்.ஐ. 3,440 ரூபாய். கோவை போகமுடியாத வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. காலையில் ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பதும் சுலபமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அட்மிஷன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கட்டும் முன்பு மூன்று எண்களை எழுதுங்கள்: மொத்தக் கடன், மாத இ.எம்.ஐ., கைக்கு வரும் சம்பளம். அந்தப் பேப்பரைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது இரண்டு பேரும்தானே!