தாளம் பொதுச்சொத்து, அடித்த கை?

"கொட்டு அடிக்கிறவனுக்கு எதுக்கு சார் ராயல்டி? தாளம் என்ன அவன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்பவர்கள் நம் தாம்பரம் வட்டாரத்தில் நிறைய உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்வி தவறு என்பது என் கட்சி.

1969-ல் வாஷிங்டன் நகரத்து 'தி வின்ஸ்டன்ஸ்' குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்ற பாட்டு. நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரிகரி கோல்மன் டிரம்ஸை மட்டும் தனியாக வாசிக்கிறார். ஆறேழு வினாடிதான். 1980-களில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாட்டுக் கட்டினார்கள். நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் ஹிப்ஹாப் உள்பட ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்தார். 2015-ல் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். வாசித்தவர் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் ஊர் உறுமியும் கடல் தாண்டியிருக்கிறது. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மாதங்கி, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். சிறுமியாகச் சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்தவர். 2007-ல் வந்த அவருடைய 'கலா' தொகுப்பில் 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டு உறுமியின்மேல்தான் நிற்கிறது. 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டின் துண்டு அதில் உண்டு. அதே தொகுப்பில் 'தளபதி' பாட்டும் ஒலிக்கிறது. இளையராஜா பெயர் உலகத்துக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் அடித்து அந்த உறுமியை உறும வைத்த கை யாருடையது? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாளம் ஊருக்குப் பொதுதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் வெட்டி எடுப்பது தாளத்தை அல்ல. அன்றைக்கு அந்த ஸ்டூடியோவில் ஒருவர் அடித்த அந்த அடியை. அது பொதுவாக இருந்தால், வேறொருவரை வைத்துப் புதிதாக அடித்துக்கொள்ளலாமே? அந்தக் கை வேண்டும் என்பதால்தானே வெட்டுகிறார்கள்!

"அன்றைக்கே கூலி வாங்கிவிட்டாரே" என்பது அடுத்த வாதம். மாதச் சம்பளமும் வாங்கி, இன்று ஓய்வூதியமும் வாங்கி, அகவிலைப்படி நிலுவைக்கு மனு எழுதும் நாம் இதைச் சொல்லலாமா?

சட்டத்தைப் பாருங்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகலைஞர் என்பவர் யார் என்று சொல்லும்போது நடிகர், பாடகர், இசைக்கலைஞர் தொடங்கிப் பாம்பாட்டி வரை சேர்த்திருக்கிறது. 2012 திருத்தம் அவர்களுக்கு ராயல்டியும் கொடுத்தது. கூடவே ஒரு விதிவிலக்கையும் நுழைத்தது. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் அவர் பெயர் போடுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துகலைஞரே அல்ல! தன் பங்களிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கலாம்; அவ்வளவுதான். பெயரைப் போடு என்று கேட்கும் உரிமைகூட இல்லை.

கோப்பு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் சூட்சுமம் புரியும். பாட்டையே தூக்கி நிறுத்தும் பறை தற்செயலாகுமா? ஆகாது. ஆனாலும் அப்படி வாதாட வழி திறந்திருக்கிறது. பெயர் போடாதது முதல் அநியாயம். பெயர் இல்லை என்று காட்டி உரிமையை மறுப்பது இரண்டாவது. முதலாவதே இரண்டாவதற்குச் சாட்சி!

சினிமாக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்து ஆடித் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். 101 ரூபாய் கொடுத்தவர் பெயர் இருக்கும். விடிய விடிய வாசித்தவர்களுக்கு 'மேளதாளத்துடன்' என்ற ஒரே சொல். அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வர வித்வான் பெயரைப் போட்டோம். பறை அடித்தவர் பெயரை எங்கே போட்டோம்? இதில் சாதி இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

சட்டத்தில் அந்த விதிவிலக்கை நாடாளுமன்றம்தான் எடுக்க வேண்டும். நோட்டீஸில் பெயர் போட நாடாளுமன்றம் வேண்டியதில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு வரி சேருங்கள்: உறுமி வாசிப்பவர் யார், பறை அடிப்பவர் யார், எந்த ஊர். வாசித்தவர் பெயர் ஏதாவது ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும்.