தலையணையும் கழுத்தும்

எங்கள் கோவிலூர், வேதாந்த மடத்தால் பேர் பெற்ற ஊர். சரீரம் பொய் என்ற பாடத்தைக் கேட்டு வீடு திரும்புகிறவருக்கும், விடியற்காலையில் கழுத்துப் பிடித்துக்கொண்டால் வலி மெய்யாகத்தான் இருக்கிறது. உடனே பழி பனியின்மேலும் வாயுவின்மேலும் விழும். இராத்திரி முழுவதும் தலையைச் சுமந்த தலையணையை மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

கல்யாணச் சீரோடு வரும் தலையணையைப் பாருங்கள். கம்பீரமாகத் தோன்ற வேண்டுமென்று இலவம்பஞ்சைத் திணித்து மத்தளம்போல் தைத்துவிடுகிறார்கள். போதாதென்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு! மல்லாந்து படுப்பவரின் மோவாய் மார்பை நோக்கி இறங்குகிறது. பகலெல்லாம் குனிந்து கணக்கு எழுதியவர் இரவிலும் குனிந்தபடியே கிடக்கிறார் என்றுதான் அர்த்தம்.

மனிதனுக்குக் கழுத்தெலும்பு 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் 7 தான் என்றால் வகுப்பில் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். இவ்வெலும்புகள் முன்பக்கமாகச் சற்றே வளைந்து நிற்கின்றன. அந்த வளைவின் கீழுள்ள இடைவெளியை நிரப்புவதே தலையணையின் வேலை; தலையை உயர்த்துவதன்று. 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த தலைதாங்கிகளும், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் காணும் மரத் தலையணைகளும் பிடரியைத் தாங்கச் செய்தவையே. அதற்காக இன்று மரத்தில் தலைவைக்கச் சொல்லவில்லை.

மல்லாந்து படுப்போருக்குத் தாழ்ந்த தலையணை போதும்; தோள் அதன்மேல் ஏறக்கூடாது. ஒருக்களித்துப் படுப்போருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவு உயரம் வேண்டும். ஆகவே அகன்ற தோளுடைய கணவனுக்குப் பொருந்தியது மெலிந்த மனைவிக்குப் பொருந்தாது. பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் உயரம் சரி. குப்புறப் படுப்பது எல்லாவற்றிலும் மோசம். மூச்சுக்காகக் கழுத்தை மணிக்கணக்கில் முறுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

மிகவும் மெத்தென்று இருந்தாலும் ஆபத்துத்தான். ஒருக்களித்துப் படுப்போரைக்கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இறகுத் தலையணைக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. இதில் நமது இலவம்பஞ்சுக்கு ஒரு சௌகரியம் உண்டு. போடிநாயக்கனூர்ப் பஞ்சானாலும் நாளடைவில் அமுங்கிக் கட்டிதட்டும். ஆனால் தையலைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, ஒரு பிடி குறைக்கவோ கூட்டவோ நம் கையாலேயே முடியும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்க.

சாதாரணப் பிடிப்பு வெந்நீர் ஒத்தடத்தில் சில நாட்களில் விட்டுவிடும். காலால் பிறந்தவரைக்கொண்டு தடவச் சொல்வதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் க்ஷவரம் முடிந்ததும் தலையைப் பற்றி வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்க மட்டும் இடங்கொடாதீர்கள். மூளைக்குச் செல்லும் இரு இரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகப் போகின்றன. அந்தத் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் கண்டவர்கள் உண்டு. கை மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, ஜுரத்தோடு கழுத்து விறைத்தாலோ, கீழே விழுந்தபின் வலித்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.