இயந்திரம் அல்ல, மனம்

'அச்சு இயந்திரம்தான் ஐரோப்பாவை எழுப்பியது. தமிழையும் எழுப்பியது' என்று வாதிடுகிறார்கள். ஏற்க முடியாது. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. சீவக சிந்தாமணி முழுதாக அச்சாக 1887 வரை காத்திருந்தது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகள் இயந்திரம் என்ன செய்தது?

சிந்தாமணியைப் பதிப்பித்த சைவரான உ.வே.சாமிநாதையர், அந்தச் சமணக் காப்பியத்தின் பொருள் தேடிக் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்கே போய்க் கேட்டுக் கற்றார். மாறியது அந்த மனம். ஐரோப்பாவிலும் இதே கதைதான்: இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், வெரோனாவில் பண்டைய ரோமின் சிசரோ எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தது 1345-இல். குட்டன்பர்க்கின் அச்சுக்கு நூறாண்டு முந்தி.

சென்னை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. அங்குள்ள, புள்ளியில்லா மெய்யெழுத்துகள் நிறைந்த ஓர் ஓலையைப் படித்துப் பாருங்கள். அங்கே 'க' எது, 'க்' எது என்று பிரித்தறிந்தது மனிதக் கண். இயந்திரம் பிறகுதான் வந்தது.