ஒன்பதாம் மாத ஊசி

குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்குமான தடுப்பூசியின் முதல் தவணை அரசு மருந்தகத்தில் போடப்படுகிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தில் அந்த ஊசியே வாக்குவாதமாகிவிடலாம். “போட்டுவிடலாங்க” என்கிறார் தாய். “போன ஊசிக்கே இரண்டு நாள் காய்ச்சல். இந்தக் குளிரில் பிள்ளை தாங்குமா? புலனத்தில் வந்த காணொலியை நீ பார்க்கவில்லையா?” என்கிறார் தந்தை. இருவர் பேச்சிலும் இருப்பது பிள்ளைப் பாசமே. ஆயினும், இருவர் வாதமும் சம எடை கொண்டவை அல்ல.

காய்ச்சலைக் கண்டு அஞ்சுவது இயல்பு. உடல் நோயெதிர்ப்பு ஆற்றலை உருவாக்கும்போது தோன்றும் அக்காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். காணொலியின் கதை வேறு. இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற அச்சத்தைப் பரப்பியது, 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதை வெளியிட்ட ‘தி லான்செட்’ இதழே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவர் பிரிட்டன் மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். காணொலிகள் இதைச் சொல்வதில்லை!

‘அம்மை என்பது அம்மனின் வருகை’ என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுமுண்டு. தடுப்பூசியை ‘அம்மை குத்துதல்’ என்று அழைத்தவர்களும் தமிழர்களே. ஊசியும் போட்டுக்கொண்டார்கள், மாரியம்மனையும் வணங்கினார்கள். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என 1980இல் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துக் கோயில்களில் திருவிழா இன்றும் நடக்கிறது.

மலேசியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி சட்டப்படி கட்டாயமில்லை. எனவே, ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது எளிது. 2016இல் தொண்டை அடைப்பான் நோயால் இந்நாட்டில் உயிரிழந்தோருள் தடுப்பூசி போடாத சிறுவர்களும் இருந்தனர். தட்டம்மையோ அதைவிட வேகமாகத் தொற்றக்கூடியது. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு அது பரவலாம். வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் தோட்டக் குடியிருப்பில், அடுத்த வீட்டு ஆறு மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயதே ஆகியிருக்காது.

ஆகவே, இந்தக் கருத்து வேறுபாட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது முறையன்று. தந்தையும் குழந்தையின் பதிவேட்டுடன் மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். காய்ச்சலைப் பற்றி அவர் கேட்கும் கேள்விக்குத் தாதியர் பொறுமையாகப் பதில் கூற வேண்டும். ஒன்பதாம் மாதம் தவறிப்போயிருந்தாலும், அடுத்த தவணை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உடனே அழைத்துச் செல்லலாம்.