மணவிலக்கு உரிமையும் பெண்ணின் உழைப்பும்

இஸ்லாமியத் திருமணச் சட்டம் என்றதும் இரு குரல்கள் எழுகின்றன. அது என்றும் மாறாதது என்கின்றனர் பழமைவாதிகள். அது பெண்ணடிமைத்தனத்தின் மறுபெயர் என்கின்றன வகுப்புவாத சக்திகள். இடைக்கால வரலாறு இரண்டையும் மறுக்கிறது.

அச்சட்டத்தில் திருமணம் என்பது ஓர் ஒப்பந்தம். மஹர் தந்தைக்கு அன்று, மணமகளுக்கே உரியது. மணமான பின்னும் அவளது சொத்து அவளுடையதே. இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் மணமான பெண்களுக்கு இவ்வுரிமையைப் பரவலாக வழங்கியது.

சட்ட மரபும் ஒன்றன்று. வயது வந்த பெண் தன் திருமணத்தைத் தானே ஒப்பந்தம் செய்யலாம் என்றது ஹனஃபி மரபு. ஏனைய மூன்று சன்னி மரபுகளும் அதற்குப் பாதுகாவலர் தேவை என்றன. கணவன் இன்னொருத்தியை மணந்தால் தான் விலகலாம் என்று மனைவி முன்கூட்டியே நிபந்தனை விதிக்க ஹன்பலி மரபு இடமளித்தது.

ஆயினும் அங்கே சமத்துவம் இருக்கவில்லை. ஆண் காரணம் கூறாமலே தலாக் சொல்லலாம். குலா வழியாக விடுபட விரும்பும் பெண்ணோ பெரும்பாலும் மஹரை விட்டுக்கொடுக்க வேண்டும். அடிமைப் பெண்கள் உரிமையாளனின் உடைமையாகவே இருந்தனர்.

ஏட்டிலிருந்த உரிமைகள் எப்போது உயிர்பெற்றன? மம்லூக் ஆட்சிக்காலக் கெய்ரோ விடையளிக்கிறது. அங்கே மணவிலக்கும் மறுமணமும் இயல்பான நிகழ்வுகள். 15ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-சகாவி தம் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தின் ஒரு தொகுதி முழுவதையும் பெண்களுக்கு ஒதுக்கினார். ஒன்றுக்கு மேற்பட்ட முறை மணந்தோர் அதில் பலர். நூற்பிலும் நெசவிலும் பெண்கள் ஈட்டிய கூலி அவர்களுக்குத் தனித்து வாழும் வலிமை தந்தது. மணவிலக்குப் பெற்றோரும் கைவிடப்பட்டோரும் தங்குவதற்கான இல்லமும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு எழுந்தது.

இந்தியாவிலும் சட்டம் மாறியது. மனைவி மணவிலக்குக் கோர ஹனஃபி மரபு அரிதாகவே வழிவிட்டதால், மாலிகி மரபைத் துணைக்கொண்டு 1939ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. இந்துப் பெண்கள் நாடு தழுவிய மணவிலக்கு உரிமையைப் பெற்றது 1955இல்தான் என்பதை வகுப்புவாதிகள் மறைக்கின்றனர்.

உடனடி முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017இல் ரத்து செய்தது சரியே. ஆனால், செல்லாத அச்சொல்லுக்காகக் கணவனை மூன்றாண்டு வரை சிறையிலிட 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. ஜீவனாம்சம் தர வேண்டியவன் சிறையிலிருந்தால் மனைவியின் அடுப்பு எப்படி எரியும்? வேலை, நியாயமான கூலி, தங்குமிடம், மண வாழ்வில் சேர்ந்த சொத்தில் சம பங்கு: இவையே எம்மதப் பெண்ணுக்கும் மெய்யான பாதுகாப்பு. ஜனநாயக இயக்கம் போராட வேண்டியது இவற்றுக்காகவே.