பென்ஸ் ஜட்டி வழக்கு: பிராண்டை கோர்ட் காப்பாத்தும், உங்க காசை?



பென்ஸ் பேர்ல ஜட்டி வித்தா, அதை கார் கம்பெனி சரக்குன்னு யாராவது நம்புவாங்களா? டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியோட நிக்கல. 1990-களில் வந்த அந்த வழக்கில், ஊரறிந்த பேரை ஓசியில் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டமும், புகழ்பெற்ற சின்னத்துக்கு, பொருள் வேறாக இருந்தாலும் பாதுகாப்பு தருகிறது.

"இதுல பெரிய கம்பெனிக்குத்தானே லாபம், நமக்கென்ன?"ன்னு கேக்கலாம். நான் அப்படிப் பார்க்கல. ரெண்டு பேர் ஒண்ணு போல இருக்கான்னு பார்க்க கோர்ட் வச்சிருக்கற அளவுகோல் நிபுணர் இல்ல. சாதாரண புத்தியும் அரைகுறை ஞாபகமும் உள்ள வாடிக்கையாளர்தான். அதாவது நம்மதான்! 1962-ல் 'அம்ரித்தாரா', 'லட்சுமண்தாரா' பெயர்களை உச்ச நீதிமன்றம் இப்படித்தான் ஒப்பிட்டது. 2001 காடிலா வழக்கில், மருந்துப் பெயர்களுக்கு இன்னும் கண்டிப்பு வேணும்னு சொன்னது. காரணம், அங்க குழப்பம் வந்தா போறது காசு மட்டும் இல்ல, உயிர்.

ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வழக்கு போடுறது கம்பெனி. தடை உத்தரவும் நஷ்டஈடும் கிடைக்கறது கம்பெனிக்கு. போலியை வாங்கி ஏமாந்த உங்களுக்கு அந்தத் தீர்ப்பால ஒரு ரூபாயும் வராது. தடை வர்றதுக்குள்ள போலி ஆப் பேரை மாத்திட்டு வேற கடை விரிச்சிருக்கும்.

அதனால, உங்க காசுக்கு நீங்கதான் காவல்:

• முதலீட்டு ஆப்பா? லோகோவை நம்பாதீங்க. செபி இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபாருங்க.

• ஆன்லைன்ல பணம் போயிடுச்சா? யோசிச்சிட்டு இருக்காம உடனே 1930-க்கு அழைங்க.

• போலிப் பொருளா? பில் இருந்தாத்தான் பேச முடியும், கேட்டு வாங்குங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தா புகார் கட்டணமே கிடையாது.

என் கருத்து இதுதான்: போலிக்காரனிடம் வசூலாகும் நஷ்டஈட்டில் ஒரு பங்கு நுகர்வோர் நல நிதிக்குப் போகணும், அதைச் சட்டமே சொல்லணும். ஒரு பேரை பிராண்டா வளர்த்ததுல கம்பெனியோட விளம்பரத்துக்குப் பங்கு இருக்கு. மாசா மாசம் நம்பி வாங்குன நம்ம காசுக்கும் இருக்கே!

நீங்க என்ன நினைக்கிறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.